கோயில் எஞ்சியது, மொழி மறைந்தது: பாஸ்-புவாந்த் சிற்றூர் ஃபர்வானியாவுக்குச் சொல்லும் செய்தி

மார்த்தினிக் தீவின் வடகோடியில், பெலே எரிமலையின் அடிவாரத்தில், அட்லாண்டிக் பெருங்கடலைப் பார்த்தபடி அமைந்திருக்கிறது பாஸ்-புவாந்த் என்னும் சிற்றூர். மக்கள் தொகை ஏறத்தாழ 3,000. ஊரைச் சுற்றிலும் வாழைத் தோட்டங்கள். ஒரு காலத்தில் அவை யாவும் கரும்புத் தோட்டங்கள். தீவு பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்களுள் ஒன்று. எனவே பள்ளியிலும் அலுவலகத்திலும் மொழி பிரெஞ்சு. வீட்டிலும் தெருவிலும் கிரியோல். கறுப்பின மக்களின் விடுதலைக் குரலாக உலகம் அறிந்த கவிஞர் எமே செசேர் 1913ஆம் ஆண்டில் பிறந்தது இந்த ஊரில்தான்.

இவ்வூருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. இங்குள்ள கிராதிஸ் என்னும் பழைய தோட்டத்தில் ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. தெய்வத்தின் பெயர் மாரியேமேன். அருகிலேயே குதிரை மீதமர்ந்த காவல் தெய்வம் மல்தேவிதான். தமிழ்நாட்டிலிருந்து செல்பவருக்கு இப்பெயர்கள் விளங்கச் சிறிது நேரம் ஆகலாம். விளங்கியவுடன் நெஞ்சு கனக்கும். மாரியம்மனும் மதுரை வீரனும்தான் அவர்கள். வழிபட வருவோரின் குடும்பப் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டிலிருந்து மீட்டெடுத்தால் முத்துசாமி, வீராசாமி, பெருமாள் என்று வரும். ஆயினும் அவர்களுள் தமிழில் ஒரு வாக்கியம் பேசக்கூடியவரைக் காண்பது அரிது.

ஐந்து தலைமுறைகளுக்குள் ஒரு மக்கள் கூட்டம் தெய்வத்தையும் பெயரையும் குழம்பையும் காப்பாற்றிக்கொண்டு, மொழியை மட்டும் எவ்வாறு இழந்தது? இந்த வினா குவைத்தின் ஃபர்வானியாவில் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கும், அங்கே வளரும் இளையோருக்கும் மிக நெருக்கமானது.

கப்பலேறிய மக்கள்

1848ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. மார்த்தினிக்கில் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததால், ஆணை கப்பலில் வந்து சேரும் முன்னரே, மே 23 அன்று விடுதலை அறிவிக்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களுள் பலர் தோட்டங்களைவிட்டு வெளியேறினர். கரும்பு வெட்ட ஆளில்லை. கூலியை உயர்த்தத் தோட்ட முதலாளிகளுக்கு மனமில்லை. அப்போது அவர்களுடைய கண்கள் சோழமண்டலக் கரையின் பக்கம் திரும்பின.

புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தன. பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நொந்துபோன மக்கள், சுற்றுவட்டாரத்திலிருந்தும் தஞ்சைத் தரணியிலிருந்தும் இவ்விரு துறைமுகங்களுக்கும் அழைத்து வரப்பட்டனர். ஆள் பிடிக்கும் மேஸ்திரிகள் காட்டிய ஆசை வார்த்தைகள் பல. 1853ஆம் ஆண்டு மே மாதத்தில் 'ஒரேலி' என்னும் கப்பல் முதல் தொகுதித் தொழிலாளருடன் மார்த்தினிக்கின் சேன் பியேர் துறைமுகத்தை அடைந்தது. அதே கப்பல் 1854ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று மற்றொரு தொகுதியை அண்டைத் தீவான குவாதலூப்பில் இறக்கியது. 1861ஆம் ஆண்டில் பிரித்தானியாவும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையால் பிரித்தானிய இந்தியப் பகுதிகளிலும் ஆள் சேர்க்கும் வழி திறந்தது. 1880களில் இந்த ஏற்றுமதி முடிவுக்கு வரும்வரை மார்த்தினிக்கிற்கு ஏறத்தாழ 25,500 பேரும், குவாதலூப்பிற்கு ஏறத்தாழ 42,000 பேரும் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் தமிழர்.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு. காலம் முடிந்தால் இலவசமாகத் தாயகம் திரும்பலாம் என்பது வாக்குறுதி. நடந்தது வேறு. நோயாலும் கடும் உழைப்பாலும் மாண்டவர் பலர். நோயில் கழித்த நாள்கள், வேலைக்கு வராத நாள்கள் என்று கணக்குக் காட்டி ஒப்பந்தக் காலம் நீட்டிக்கப்பட்டது. கையில் தொழிலாளர் குறிப்பேடு இல்லாமல் சாலையில் நடந்தால் நாடோடி என்று தண்டனை. திரும்பும் கப்பலுக்காகத் தலைநகர் ஃபோர் த ஃபிரான்சில் காத்துக் கிடந்தவர்களுக்கு, நகரின் தெருக் கூட்டும் வேலையே பிழைப்பாயிற்று. 'கூலி' என்ற தமிழ்ச் சொல், பெற்ற ஊதியத்தைக் குறிக்காமல் அதைப் பெற்ற மனிதரையே இழிவாகக் குறிக்கும் வசைச்சொல்லாகத் தீவின் மொழியில் நுழைந்தது.

மொழி எவ்வாறு மறைந்தது?

தமிழைப் பேசக்கூடாது என்று யாரும் சட்டம் இயற்றவில்லை. தமிழ் நூல்களை யாரும் தீயிலிடவில்லை. அந்தத் தீவில் தமிழ் மெல்ல மெல்ல, வீடு வீடாக அணைந்தது. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது பயன் தரும்.

முதலாவது, மக்கள் சிதறடிக்கப்பட்டனர். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் பல தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். பாஸ்-புவாந்த் போன்ற வடபகுதி ஊர்களில் மட்டுமே ஓரளவு செறிவாகத் தமிழர் வாழ்ந்தனர். கோயில்கள் அங்கேயே நிலைத்ததற்கும் அதுவே காரணம்.

இரண்டாவது, தமிழ்ப் பள்ளி என்று ஒன்று தோன்றவே இல்லை. வந்தவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலர். அவர்கள் அறிந்தது அவர்களோடு போயிற்று. பிரெஞ்சுப் பள்ளிக்குச் சென்ற பிள்ளைக்குத் தமிழ் என்பது எழுத்தே இல்லாத, தோட்டக் குடிசைப் பேச்சாகத் தோன்றிற்று.

மூன்றாவது, தாயகத் தொடர்பு அறுந்தது. 1880களுக்குப் பிறகு புதிதாக யாரும் வரவில்லை. கடிதப் போக்குவரத்து இல்லை. 1902ஆம் ஆண்டு மே 8 அன்று பெலே எரிமலை வெடித்தபோது, தமிழர் முதன்முதலில் காலடி வைத்த சேன் பியேர் நகரமே அழிந்தது. 28,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வந்த வழியின் நுழைவாயிலும் சாம்பலாயிற்று.

நான்காவது காரணம் மிக முக்கியமானது. அது வெட்கம். இழிசொல்லுக்கு இலக்கான பெற்றோர், தம் பிள்ளை அந்த இழிவைச் சுமக்கலாகாது என்று எண்ணினர். ஞானஸ்நானம் பெற்றுப் பிரெஞ்சுப் பெயர் சூட்டினர். பிள்ளையோடு கிரியோலில் பேசினர். தமக்குள் மட்டும், மறைவாகப் பேச வேண்டியவற்றுக்கு மட்டும், தமிழைப் பயன்படுத்தினர். பிள்ளை கேட்டது, பேசவில்லை. அந்தப் பிள்ளையின் பிள்ளை கேட்கவும் இல்லை. அன்பினால் எடுக்கப்பட்ட முடிவுதான் அது. ஆனால் அதன் விளைவு மூன்றே தலைமுறைகளில் முற்றுப்பெற்றது.

இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கிரியோலை ஏற்றது வெறும் தோல்வி அன்று. அது உடன் உழைத்தவர்களின் மொழி. 1948ஆம் ஆண்டு செப்டம்பரில், வேலைநிறுத்தக் கொந்தளிப்பின் நடுவே, பாஸ்-புவாந்தில் ஒரு வெள்ளையினத் தோட்ட நிர்வாகி கொல்லப்பட்டபோது, கரும்பு வெட்டும் தொழிலாளர் 16 பேர் கைது செய்யப்பட்டனர். மூன்றாண்டுகள் சிறையில் வைக்கப்பட்டு, பிரான்சின் போர்தோ நகரில் 1951ஆம் ஆண்டு விசாரிக்கப்பட்டு, அனைவரும் விடுவிக்கப்பட்டனர். குடியேற்ற ஆட்சி முறையே குற்றவாளிக் கூண்டில் நின்ற வழக்கு என்று அது போற்றப்படுகிறது. அந்தத் தோட்டங்களில் தோளோடு தோள் நிற்கப் பொதுமொழி ஒன்று தேவைப்பட்டது. புதிய மொழியைக் கற்றது பிழையன்று. பழையதைக் கைவிட்டால்தான் புதியதைக் கற்க முடியும் என்று நம்ப வைக்கப்பட்டதே இழப்பு.

அதேபோல் உரிமைப் போராட்டமும் பிரெஞ்சு மொழியிலேயே நடந்தது. குவாதலூப்பில் பிறந்த தமிழ் வழித்தோன்றலான ஆன்ரி சிதம்பரம், இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டி 1904ஆம் ஆண்டு முதல் வழக்காடினார். 1923ஆம் ஆண்டில்தான் வெற்றி கிட்டியது. அந்த மாமனிதரின் பெயரைத் தமிழ்நாட்டிலோ வளைகுடாவிலோ எத்தனை இளையோர் அறிவர்?

எஞ்சியவை எவை?

மொழி போன பின்பும் சொற்கள் தங்கியிருக்கின்றன. பிரெஞ்சுக் கரிபியன் தீவுகளின் பெருமைக்குரிய உணவு 'கொலம்போ'. அது நம் குழம்பே என்பது பலர் ஒப்பும் கருத்து. வேப்ப மரத்துக்கு அங்கே 'வெப்பெலே' என்று பெயர், அது வேப்பிலை. சடங்கில் முழங்கும் பறைக்கு 'தப்பு' என்ற பழம்பெயரே நிலைத்திருக்கிறது. கூத்தையும் பாட்டையும் பயிற்றுவிப்பவர் 'வத்தியாலு', அவர் வாத்தியார். மார்த்தினிக்கின் பூசைகளில் 'நாகூர்மிரா' என்ற பெயரும் அழைக்கப்படுகிறது. கடல் கடப்போரைக் காப்பவர் என்று நாகப்பட்டினக் கரையின் எல்லாச் சமயத்தவரும் நம்பிய நாகூர் ஆண்டவருக்காக அங்கே இன்றும் கொடி ஏற்றுகிறார்கள். இந்துவும் முசுலிமும் ஒன்றாக வேண்டிக்கொண்டு கப்பலேறிய நினைவு, ஏறியவர்களின் மொழி மறைந்த பின்னும் ஒரு கொடிக் கம்பத்தில் வாழ்கிறது.

பூசையின் உச்சத்தில் பூசாரி அரிவாளின் கூர்முனை மீது ஏறி நின்று அருள்வாக்குச் சொல்வார். அப்போது அவர் உச்சரிப்பது தமிழ். சுற்றி நிற்கும் மக்கள் அதைத் தெய்வத்தின் மொழி என்று தலை வணங்கிக் கேட்பர். பொருள் அறிந்து கேட்பவர் அருகிவிட்டனர். மனப்பாடமாக வந்த சொற்கள் தலைமுறைக்குத் தலைமுறை சிதைந்து வருகின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்த தமிழ்க் கோப்பைப் போன்றது இந்நிலை. கோப்பு அழியவில்லை, ஒவ்வொரு பைட்டும் இருக்கிறது. திரையிலோ வெறும் கட்டங்களும் கேள்விக்குறிகளும். படிக்கும் திறவுகோல் தொலைந்த பிறகு சேமிப்பால் என்ன பயன்?

இழந்ததை மீட்கும் ஏக்கம் அங்கே இப்போது வளர்ந்து வருகிறது. 2003ஆம் ஆண்டில் வருகையின் 150ஆம் ஆண்டு நினைவு கூரப்பட்டது. 2004ஆம் ஆண்டில் மார்த்தினிக் எழுத்தாளர் ரஃபயேல் கோன்ஃபியான், தமிழ் ஒப்பந்தத் தொழிலாளரின் துயரத்தை ஒரு பெரிய பிரெஞ்சு நாவலாக எழுதினார். தோட்டக் கண்காணியாகவும் இந்துப் பூசாரியாகவும் வாழ்ந்த முதியவர் ஒருவரின் வாழ்க்கையை, அவர் வாய்மொழியாகவே, ஆய்வாளர்கள் கெரி லெத்தாங்கும் விக்தோரியன் பெர்மாலும் நூலாக்கினர். 'பெர்மால்' என்பது பெருமாள். பெருமாளின் வழித்தோன்றல் தம் முன்னோர் கதையைப் பதிவு செய்ய நேர்ந்தபோது, கைக்கு எட்டிய மொழிகள் கிரியோலும் பிரெஞ்சும்தாம். இதில் குறை காண ஏதுமில்லை. நன்றி சொல்லவே தோன்றும். எனினும் அந்தக் கதையைத் தஞ்சையில் உள்ள உறவினன் படிக்க வேண்டுமானால் இன்று மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவை.

மொரீசியசு காட்டும் மறுபக்கம்

பள்ளி மட்டும் இருந்திருந்தால் பாஸ்-புவாந்தில் தமிழ் பிழைத்திருக்கும் என்று முடிவு கட்டிவிட முடியாது. மொரீசியசைப் பார்க்க வேண்டும். அங்கும் ஒப்பந்தத் தொழிலாளராகத் தமிழர் சென்றனர். அதற்கு முன்பே, பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே, கைவினைஞராகவும் வணிகராகவும் சென்றிருந்தனர். அங்கே தமிழுக்கு அரசின் மதிப்பு உண்டு. தொடக்கப் பள்ளிகளில் தமிழை விருப்பப் பாடமாகப் படிக்கலாம். மோக்காவில் 1970ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மகாத்மா காந்தி நிறுவனம் தமிழை உயர்நிலைவரை கற்பிக்கிறது. தைப்பூசம் பொது விடுமுறை. நாணயத் தாள்களில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998ஆம் ஆண்டில் புதிய தாள்களில் தமிழின் இடம் இந்திக்குக் கீழே மாற்றப்பட்டபோது, தமிழர் எதிர்ப்பால் அரசு அத்தாள்களைத் திரும்பப் பெற்றது.

அத்தனை இருந்தும், மொரீசியசுத் தமிழரின் இல்லங்களில் ஒலிப்பது பெரும்பாலும் கிரியோல்தான். தமிழ் அங்கே பாடமாகவும் பக்தியாகவும் பெருமையாகவும் இருக்கிறது. உணவு மேசையில் அது இல்லை.

ஆக, பாஸ்-புவாந்தில் கோயில் இருந்தது, பள்ளி இல்லை. மொரீசியசில் பள்ளி இருக்கிறது. வீட்டில் பேச்சு இல்லை. ஃபர்வானியாவில் வீட்டில் பேச்சு இருக்கிறது; எழுத்து இல்லை. மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று இழைகள். எந்த ஓர் இழை அறுந்தாலும் மற்ற இரண்டின் மீது சுமை கூடும்.

ஃபர்வானியாவின் நிலை

குவைத்தின் ஆறு மாகாணங்களுள் ஃபர்வானியா மக்கள் தொகை மிகுந்த ஒன்று. விமான நிலையமும் இம்மாகாணத்தில்தான் உள்ளது. ஃபர்வானியா, கைத்தான், தமிழரும் மலையாளிகளும் அப்பாசியா என்றழைக்கும் ஜிலீப் பகுதி ஆகிய இடங்களில் அடுக்ககங்கள்தோறும் இந்தியக் குடும்பங்கள் வாழ்கின்றன. கீழே இறங்கினால் பலசரக்குக் கடையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும். தமிழ்த் திரைப்படங்கள் திரையரங்குக்கு வருகின்றன. பொங்கலுக்கும் பெருநாளுக்கும் கிறித்துமசுக்கும் சங்கங்கள் விழா எடுக்கின்றன. பார்வைக்குத் தமிழ் வாழ்வு செழிப்பாகவே தோன்றுகிறது.

ஆனால் அந்த வீட்டுப் பிள்ளையின் கையில் ஒரு தமிழ் நாளிதழைக் கொடுத்தால் என்ன நிகழும்? இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் இரண்டாம் மொழியைத் தேர்ந்தெடுக்கும் நாள் வரும்போது, பல வீடுகளில் பேசப்படுவது மதிப்பெண். எழுதினால் முழு மதிப்பெண் கிட்டும் என்பதற்காகவே பலர் பிரெஞ்சைத் தேர்கின்றனர். வேறு சில வீடுகளில் இந்தி. தமிழ் வகுப்பு இருந்தாலும் சேர்வோர் குறைவு என்பதால் பள்ளி அதை நிறுத்துகிறது. நிறுத்தியதால் யாரும் சேர இயல்வதில்லை. பாஸ்-புவாந்தின் முன்னோருக்குப் பிரெஞ்சு திணிக்கப்பட்டது. ஃபர்வானியாவிலோ அது விரும்பி எடுக்கப்படுகிறது; பத்தாம் வகுப்பு முடிந்ததும் மறக்கப்பட்டும் விடுகிறது. இரண்டு இடங்களிலும் விலையாகக் கொடுக்கப்படுவது ஒன்றே.

இரண்டு வாழ்வும் சமம் என்று கூறுவது பொருந்தாது. ஃபர்வானியாவின் கணினி வல்லுநரும் செவிலியரும் கணக்கரும் கரும்புத் தோட்ட அடிமை நிலையில் இல்லை. ஆண்டுக்கொரு முறை ஊருக்குச் செல்ல முடிகிறது. நாள்தோறும் பாட்டியின் முகத்தைக் கைப்பேசியில் காண முடிகிறது. எனினும் ஒரு மனநிலை இரு கூட்டத்தாருக்கும் பொதுவானது. "எப்படியும் திரும்பிப் போகத்தானே போகிறோம்" என்பதே அது. ஒப்பந்தத் தொழிலாளி ஐந்தாண்டில் திரும்புவோம் என்று எண்ணியதால் தமிழ்ப் பள்ளி கட்டவில்லை. வளைகுடாப் பெற்றோர், குடியுரிமை கிடைக்கப் போவதில்லை, என்றாவது ஊருக்குத்தான் போக வேண்டும், அங்கே போனால் தமிழ் தானாக வந்துவிடும் என்று எண்ணித் தள்ளிப்போடுகின்றனர்.

தானாக வருமா? திரும்பும் நாளைக் குடும்பம் தீர்மானிப்பதில்லை. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தது. அடுத்த சில வாரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அம்மான் வழியாக விமானத்தில் தாயகம் சேர்ந்தனர். 2020ஆம் ஆண்டின் கொரோனாக் காலத்தில் வேலை இழந்த குடும்பங்கள் கல்வியாண்டின் நடுவே பெட்டி கட்டின. அவ்வாறு திரும்பும் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் முன் தமிழ்ப் பாடநூல் வைக்கப்படுகிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி, தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புவரை தமிழ் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு ஆணைக்குப் பின், மாநில அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளில் தகுதி பெறாமல் மேலே செல்ல முடியாது. பன்னிரண்டு வயதில், பிற பாடங்களின் சுமையோடு, தம்பி தங்கைகளின் வயதுப் பிள்ளைகளுடன் அகரம் எழுதக் கற்பது எளிதன்று. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் ஒரு தண்டனையாகத் தோன்றினால் குற்றம் யாருடையது?

தாயகம் திரும்பாமல் கனடாவுக்கோ ஆத்திரேலியாவுக்கோ செல்வோரின் பிள்ளைகளுக்கு நிலை இன்னும் கடினம். பேச்சுத் தமிழ் மட்டும் உள்ள பெற்றோர், அதையும் தம் பிள்ளைக்கு முழுமையாகக் கொடுக்க இயலாது. பாஸ்-புவாந்தில் நிகழ்ந்தது அந்தத் தலைமுறைத் தாவலில்தான்.

எழும் மறுப்புகள்

பிள்ளைக்கு ஏற்கெனவே ஆங்கிலம், அரபு, இந்தி என்று மொழிச் சுமை அதிகம் என்பர் சிலர். வீட்டில் கேட்டுப் பழகிய மொழியின் எழுத்தைக் கற்பது புதிய மொழியைக் கற்பதாகாது. 247 எழுத்துகள் என்று அச்சுறுத்துவதும் தேவையில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 வடிவங்களையும் சில துணைக்குறிகளையும் அறிந்தால் எஞ்சியவை கூட்டுக் கணக்குத்தான். ஒழுங்கான விதிகளால் அமைந்த அமைப்பு இது. கணிதம் பிடிக்கும் பிள்ளைக்கு இது விளையாட்டாகவே அமையும்.

மொழி இல்லாவிட்டாலும் பண்பாடு வாழும், பரதமும் பொங்கலும் போதும் என்பர் வேறு சிலர். இதற்கு விடை கிராதிஸ் தோட்டத்துக் கோயிலில் இருக்கிறது. அங்குள்ள மக்களின் பற்றுக்கு யாருடைய பற்றும் ஈடாகாது. இழிசொல்லைத் தாங்கி, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல், மாரியம்மனைக் கைவிடாமல் காத்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களாலேயே மொழியின்றிப் பாட்டின் பொருளைக் காக்க இயலவில்லை என்றால், ஆண்டுக்கொரு முறை பட்டுப்பாவாடை உடுத்துவதால் மட்டும் காத்துவிட இயலுமா?

இளையோர் எழுப்பும் வினா வேறு. "ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டச்சு செய்கிறோமே, அது போதாதா?" நண்பருக்குச் செய்தி அனுப்ப அது போதும். ஆனால் அந்த எழுத்தில் தமிழின் நூல்கள் இல்லை, செய்தித்தாள் இல்லை, தாத்தா எழுதி வைத்த நிலப் பத்திரமும் இல்லை. மாரியம்மன் மாரியேமேன் ஆனதும், மதுரை வீரன் மல்தேவிதான் ஆனதும், வேற்று எழுத்தில் எழுதி வேற்று நாவால் படித்த காரணத்தாலும்தான்.

செய்யக்கூடியவை

பெரும் நிதியோ பெரும் கட்டடமோ தேவைப்படாத செயல்கள் பல உள்ளன.

வீட்டில் நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். பாலர் நூல் ஒன்றை உரக்கப் படிக்கலாம். பாட்டிக்கு அனுப்பும் குறுஞ்செய்தியைத் தமிழ் எழுத்தில் மட்டுமே அனுப்புவது என்று குடும்பம் உறுதி கொள்ளலாம். ஒருங்குறி வந்தபின் எந்தக் கைப்பேசியிலும் தமிழ் விசைப்பலகை கிடைக்கிறது. எழுத்துருவைத் தேடி அலைந்த காலம் முடிந்துவிட்டது.

பாடத்திட்டத்தைப் புதிதாக உருவாக்கவும் வேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம், அயலகப் பிள்ளைகளுக்கென நிலை வாரியாகப் பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ்ப் பரப்புரைக் கழகமும் இதற்காகவே அமைந்தது. வெள்ளிக்கிழமைக் காலையில் ஓர் அடுக்ககத்தின் வரவேற்பறையில் ஐந்து பிள்ளைகள் கூடினால் ஒரு வகுப்பு பிறந்துவிடும்.

சங்கங்கள் தங்கள் வரவு செலவைச் சற்றே திருத்தி எழுதலாம். திரைக் கலைஞரை வரவழைக்கும் ஒரு மாலைக்கு ஆகும் செலவில் சிறு பங்கு, ஒரு நூலகத்துக்கும் ஓராண்டுத் தமிழ் வகுப்புக்கும் ஈடாகும். அதைவிட முக்கியமானது, சமயம், ஊர், கட்சி, சாதி என்று பிரிந்து நிற்கும் அமைப்புகள் பிள்ளைகளின் எண்ணிக்கையை ஒன்றாகத் திரட்டிப் பள்ளி நிர்வாகத்திடம் செல்வது. தனித்தனியே சென்றால் மூன்று பிள்ளை, நான்கு பிள்ளை. ஒன்றாகச் சென்றால் ஒரு வகுப்பறை நிறையும். நாகூர் ஆண்டவரையும் மாரியம்மனையும் ஒரே படகில் ஏற்றிச் சென்ற எளிய மக்களுக்கு இருந்த ஒற்றுமை, படித்தவர்களுக்கு இயலாததன்று.

இளையோரும் பெறுவோராக மட்டும் இருக்க வேண்டியதில்லை. தமிழ் எழுதத் தெரிந்த பதினைந்து வயதினர், ஏழு வயதினருக்கு ஆசிரியர் ஆகலாம். பிரெஞ்சை இரண்டாம் மொழியாக ஏற்கெனவே படித்துவிட்டவர்களுக்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. மார்த்தினிக், குவாதலூப், ரியூனியன் தமிழ் வழித்தோன்றல்கள் தம் வரலாற்றைப் பிரெஞ்சில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மொழியையும் தமிழையும் சேர்த்து அறிந்த ஓர் இளைஞர், ஆன்ரி சிதம்பரத்தின் வரலாற்றைத் தமிழில் தரலாம். மதிப்பெண்ணுக்காகக் கற்ற பிரெஞ்சுக்கு அதைவிட நல்ல பயன் வேறென்ன இருக்க முடியும்? ஆனால் அதற்கும் தமிழ் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

பாஸ்-புவாந்தின் முதல் தலைமுறைக்குப் பள்ளி இல்லை, நூல் இல்லை, ஓய்வு இல்லை, தாயகத்திலிருந்து ஒரு கடிதமும் இல்லை. அவர்களைக் குறை கூற யாருக்கும் உரிமை கிடையாது. ஃபர்வானியாவின் முதல் தலைமுறைக்கு இவை யாவும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. அடுத்த கல்வியாண்டுக்கான இரண்டாம் மொழிப் படிவம் வீட்டுக்கு வரும்போது, அதில் தமிழ் என்ற கட்டம் இருந்தால் அதை நிரப்புவதும், இல்லையென்றால் ஏன் இல்லை என்று பள்ளியிடம் கேட்டு ஒரு கடிதம் எழுதுவதும் ஒவ்வொரு பெற்றோராலும் இயலும். அந்தக் கடிதத்தில் பத்துக் குடும்பங்கள் கையொப்பமிட்டால் அது கோரிக்கை. நூறு குடும்பங்கள் கையொப்பமிட்டால் அதைப் புறக்கணிப்பது எந்தப் பள்ளிக்கும் எளிதன்று.